பெயர் கூறாத காவலர்

கத்தோலிக்கத் தமிழ் இல்லங்களிலே துயிலச் செல்லுமுன் சிறுவர் சொல்லும் செபங்களுள் காவற் சம்மனசை நோக்கிய சிறு செபமும் ஒன்று. அதனைச் சொல்லும் குழந்தை தன் காவலரைச் சம்மனசு என்னும் பொதுப்பெயரால் விளிக்கின்றதேயன்றி, அவருக்கென ஓர் இயற்பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. பிறந்த நாள்முதல் இறக்கும் நாள்வரை அருகிருப்பவர் என்று நம்பப்படும் ஒருவருடைய பெயர் தெரியாதிருத்தல் வியப்புக்குரியதே. ஆயின் இப்பெயரின்மை தற்செயலாய் வந்ததன்று.

வேதாகமத்திலேயே இதன் தொடக்கத்தைக் காணலாம். சிம்சோனின் தந்தையாகிய மனோவா, தனக்கு மகன் பிறப்பான் என்று அறிவித்த தேவதூதரிடம் பெயர் கேட்டான். அவர் சொல்ல மறுத்துவிட்டார். தோபித்து ஆகமம் இதனினும் சுவையுடையது. நினிவே நகரில் நாடிழந்து வாழ்ந்த தோபித்து என்னும் முதியவர் கண்பார்வையையும் இழந்தார். மேதிய நாட்டில் ஒருவரிடம் ஒப்படைத்திருந்த பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கிவர மகன் தோபியாசை அனுப்ப எண்ணி, வழித்துணைக்கு ஓர் ஆளைத் தேடினார். வந்தவரிடம் குலமும் கோத்திரமும் விசாரித்து, நாட்கூலியும் பேசி முடித்தார். அசரியா என்று தம்மை அறிவித்துக்கொண்ட அத்துணைவர், வழியிற் பிடித்த மீனின் பித்தால் முதியவரின் கண்ணொளி மீளவும் வழிகாட்டினார். கொண்டுவந்த பொருளிற் பாதியைக் கூலியாகக் கொடுக்கத் தந்தையும் மகனும் முன்வந்தபோதுதான், தாம் இரபாயேல் என்பதை வெளியிட்டார், வெளியிட்டதும் மறைந்தார். இவ்வாகமத்தைக் கத்தோலிக்கரும் கிழக்குத் திருச்சபையினரும் வேதமாக ஏற்பர், புரட்டஸ்தாந்தர் ஏற்பதில்லை. எனினும், காவற்றூதரைப் பற்றிய கிறித்தவக் கற்பனைக்கு இக்கதையைப்போல் உருக்கொடுத்தது வேறில்லை எனலாம்.

புதிய ஏற்பாட்டிலோ செய்தி மிகச் சுருக்கம். சிறியவர்களுடைய தூதர்கள் பரம பிதாவின் முகத்தை எப்போதும் காண்கின்றனர் என்று இயேசு கூறியதாக மத்தேயு எழுதுகிறார். கத்தோலிக்கர் இராயப்பர் என வழங்கும் பேதுரு, சிறையினின்றும் விடுபட்டு நள்ளிரவில் வந்து கதவைத் தட்டியபோது, ரோதை என்னும் பணிப்பெண் உள்ளே ஓடி அறிவித்தாள். வீட்டிலிருந்தோர் அவளை நம்பாது, வந்திருப்பது அவருடைய தூதராயிருக்கும் என்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு தூதர் உண்டு என்பது அவர்களுக்குப் புதுச்செய்தியாக இருக்கவில்லை என்பது இதனாற் புலனாகும்.

நம்பிக்கை பெருகப் பெருக அச்சமும் உடன்வந்தது. தேவதூதரை வழிபடுதலைக் குறித்துக் கொலோசை நகரத்தாருக்கு எழுதிய நிருபம் எச்சரிக்கின்றது. அந்நகருக்கு அண்மையிலுள்ள லவோதிக்கேயாவிலே நான்காம் நூற்றாண்டில் கூடிய சங்கமும், திருச்சபையை விட்டகன்று தூதரைக் கூவியழைத்தலாகாது என்று விதித்தது. கடவுளின் ஏவலரைக் கடவுளாக்கிவிடுவரோ என்பதே அவர்தம் கவலை.

அக்கவலை வீணன்று என்பதனை எட்டாம் நூற்றாண்டிலே பிராங்கியர் நாட்டில் நிகழ்ந்ததொன்று காட்டும். அல்தெபெர்து என்னும் ஒருவர் வயல்வெளிகளிலும் ஊற்றுக்கரைகளிலும் சிலுவைகளை நாட்டி மக்களைத் திரட்டினார். தம் தலைமயிரையும் நகத்துண்டுகளையும் புனிதப் பொருள்களாக வழங்கினார். தம்மிடம் வருவோர் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டுவதில்லை, அவர்தம் பாவங்கள் தமக்கு முன்னரே தெரியும் என்றார். வானிலிருந்து விழுந்த இயேசுவின் கடிதம் ஒன்றும் அவரிடம் இருந்ததாம். செர்மானிய நாட்டில் வேதம் போதித்த அர்ச். போனிபாசியார் பாப்பரசரிடம் முறையிட, 745ஆம் ஆண்டு பாப்பரசர் சக்கரியாஸ் உரோமையிற் கூட்டிய சங்கம் இதனை விசாரித்தது. அங்கே அவருடைய செபம் ஒன்று படிக்கப்பட்டது. அதில் ஊரியேல், இராகுவேல், தூபுவேல், சிமியேல் முதலாய எட்டுத் தூதர்களின் பெயர்கள் இருந்தன. மிக்கேல் ஒழிந்த ஏனையவை பேய்களின் பெயர்களே என்றும், வேதம் அறிவிக்கும் பெயர்கள் மிக்கேல், கபிரியேல், இரபாயேல் என்னும் மூன்றுமே என்றும் சங்கத்தார் தீர்த்தனர். பெயரை அறிந்தவன் அப்பெயர்க்குரியவரை ஏவலாம் என்பது பல நாட்டு மந்திரவாதிகளின் கொள்கை. சங்கத்தார் அடைக்க விரும்பியது அந்த வாயிலையே எனலாம்.

பெயரை விலக்கிய திருச்சபை, ஆளை விலக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதனைத் தமக்கே உரிய பொறுமையோடு ஆராய்ந்தார். காவல் தொடங்குவது ஞானஸ்நானத்திலா, பிறப்பிலா? பிறப்பிலே என்றார் அவர். ஞானஸ்நானம் பெறாதாரும் காவலின்றி விடப்படுவதில்லை என்பது அதன் பொருள். அங்ஙனமாயின் கருவிலிருக்கும் குழந்தைக்கு? அது தாயினின்றும் வேறாகாமையால், தாயைக் காக்கும் தூதரே சேயையும் காப்பார் என்றார். நுணுக்க வாதங்களிடையே இத்துணை ஈரமுள்ள விடை கிடைப்பது அரிது.

சமயச் சீர்திருத்தக் காலத்தில் இக்கொள்கை மீண்டும் தராசில் ஏறியது. லூத்தர் தாம் வகுத்த காலை மாலைச் செபங்களிலே கடவுளின் தூதர் உடனிருக்க வேண்டினார். கல்வினோ ஒருவருக்கு ஒருவர் என்று வரையறுக்கத் தயங்கி, வானோர் அனைவருமே மனிதரின் நலத்திற் கண்ணாயிருக்க, தனித்தூதர் ஒருவரை ஏன் நாடவேண்டும் என்றார். கத்தோலிக்கர் மறுதிசையிற் சென்றனர். காவற்றூதர் திருநாளை உலகெங்கும் கொண்டாட 1608இல் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் இசைவளித்தார். 1670இல் பத்தாம் கிளெமெந்து அதனை ஒக்டோபர் 2ஆம் நாளுக்கு நிலைநிறுத்தினார்.

ஆயினும் பெயர் தேடும் ஆவல் அடங்கிற்றில்லை. 2001ஆம் ஆண்டில் மக்களின் பக்திமுயற்சிகளைக் குறித்து வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி நூல், மிக்கேல், கபிரியேல், இரபாயேல் என்னும் மூவரையன்றி ஏனைய தூதருக்குப் பெயரிடும் வழக்கத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. சக்கரியாசின் சங்கத்திற்கும் அந்நூலுக்கும் இடையே பன்னிரண்டரை நூற்றாண்டு கடந்திருந்தது.

1969இல் திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோது, முன்னர் வெவ்வேறு நாள்களில் நினைக்கப்பட்ட அம்மூவரும் செப்டெம்பர் 29ஆம் நாளில் ஒருங்கு சேர்க்கப்பட்டனர். பெயருடையோர் திருநாள் அது. மூன்று நாள் கழித்து, ஒக்டோபர் 2இல், பெயர் அறியப்படாத ஏனையோரின் திருநாள் வருகின்றது.