பள்ளி மணியும் உடல் கடிகாரமும்: புணே மாணவர்களின் தூக்கக் கணக்கு

புணே: மகாராஷ்டிரத்தில் மழலையர் வகுப்பு முதல் 4-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குக் காலை 9 மணிக்கு முன்பாக வகுப்புகளைத் தொடங்கக் கூடாது என அந்த மாநிலப் பள்ளிக் கல்வித் துறை 2024 பிப்ரவரி 8-ஆம் தேதி அரசாணை வெளியிட்டது. குழந்தைகளுக்குப் போதிய தூக்கம் கிடைப்பதில்லை என்று அப்போதைய ஆளுநர் ரமேஷ் பைஸ் 2023 டிசம்பரில் கவலை தெரிவித்ததைத் தொடர்ந்து இந்த மாற்றம் கொண்டுவரப்பட்டது. பேருந்து நேரம், இரு வேளையாக நடைபெறும் பள்ளிகள் ஆகியவை குறித்தே பின்னர் அதிகம் பேசப்பட்டது. எந்த வயதினருக்கு எந்த நேரம் பொருந்தும் என்ற உடலியல் கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

மனித மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்களைக் கொண்ட ஒரு சிறு தொகுதியே உடலின் தலைமைக் கடிகாரமாகும். அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலானது. அளவு ஆளுக்கு ஆள் மாறும். இந்த வேறுபாட்டை நாள்தோறும் சரிசெய்வது வெளிச்சம். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னோக்கியும், இரவு வெளிச்சம் பின்னோக்கியும் தள்ளுகிறது. பொழுது விடியுமுன் எழுபவர், நள்ளிரவில் சுறுசுறுப்பாக இருப்பவர் என்ற வேறுபாட்டுக்கு மரபணு, வயது, வெளிச்சம் ஆகிய மூன்றும் காரணமாகின்றன. பின்தூங்குவதெல்லாம் சோம்பல் என்ற வீட்டுத் தீர்ப்பு பல நேரங்களில் தவறானது.

விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் தூக்க அழுத்தமும் சேர்கிறது. அதற்கு எதிராக உடல் கடிகாரம் பகல் முழுவதும் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. பிற்பகலில் இந்தப் பிடி சற்றுத் தளர்வதால், உணவு உண்ணாதவருக்கும் கண் சொக்கும். பகலில் விழித்து இரவில் உறங்குபவருக்கு விழிப்புணர்வு மிகக் குறைவாக இருப்பது விடியலுக்கு முந்தைய சில மணி நேரங்கள். புணேயைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும் ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் இரவுப் பணி பார்ப்போர் எதிர்கொள்ளும் சிரமம் இதுவே.

மதுரைக் குகை

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எம்.கே. சந்திரசேகரன். கடிகாரமும் சூரிய ஒளியும் எட்டாத தனியறைகளில் தன்னார்வலர்களைப் பல நாள்கள் தங்கவைத்து, அவர்களது உறக்க-விழிப்புச் சுழற்சியை அவரது குழு ஆராய்ந்தது. அதற்கு முன்பே வௌவால்கள் வழிகாட்டியிருந்தன. மதுரை அருகே இருள் சூழ்ந்த குகையில் கூண்டில் அடைக்கப்பட்ட வௌவால்கள், உடன் வாழ்பவை மாலையில் பறந்து வெளியேறுவதை உணர்ந்தே தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டன. கூட்டம் இல்லாதபோது அவற்றின் நேரம் விலகிச் சென்றது. 1981-இல் வெளியான இந்த ஆய்வு, வெளிச்சம் மட்டுமன்றிச் சுற்றத்தாரின் நடமாட்டமும் கடிகாரத்தைத் திருத்தக்கூடும் எனக் காட்டியது. வீட்டில் பெரியவர்கள் உறங்காதவரை குழந்தைகளும் உறங்காததை இதோடு நேரடியாக ஒப்பிட முடியாது எனினும், நினைத்துப் பார்க்கத் தக்கது.

35 நிமிடத் தாமதம்

புணேக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. இந்தியத் திட்ட நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. புணே ஏறத்தாழ 74 டிகிரியில் உள்ளது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், அங்கு சூரியன் கடிகாரத்தைவிடச் சுமார் 35 நிமிடங்கள் பின்தங்கி வருகிறது. சென்னையில் இது சுமார் 9 நிமிடங்களே. ஜனவரியில் புணேயில் காலை 7 மணிக்குப் பிறகே சூரியன் உதிக்கிறது. 7 மணி வகுப்புக்குச் செல்லும் மாணவர் இருட்டிலேயே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும்.

மாலையில் இதன் மறுபக்கம் தெரியும். இந்தியத் தரவுகளைக் கொண்டு பொருளியல் ஆய்வாளர் மௌலிக் ஜக்னானி மேற்கொண்ட ஆய்வின்படி, சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாக மறையும்போது குழந்தைகளின் தூக்கம் சுமார் 30 நிமிடங்கள் குறைகிறது. படுக்கும் நேரம் தள்ளிப்போனாலும், பள்ளி மணி அதற்கேற்பத் தள்ளிப்போவதில்லை.

சிறு குழந்தைகளின் கடிகாரம் இயல்பாகவே முன்கூட்டி ஓடுவது. அவர்களைத் தாமதமாக உறங்கச் செய்வது பெரும்பாலும் வீட்டுச் சூழலே. பூப்பெய்தும் பருவத்தில் நிலைமை மாறுகிறது. மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்கி, உறங்கும் நேரம் ஆண்டுதோறும் பின்னகர்ந்து, 20 வயதையொட்டி உச்சத்தை எட்டுகிறது. இதனால்தான் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன்பு தொடங்கக் கூடாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பு 2014-இல் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா மாகாணம் 2019-இல் சட்டம் இயற்றி, 2022 முதல் பள்ளி நேரத்தைத் தள்ளிவைத்தது.

மகாராஷ்டிர அரசாணையோ 4-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உடல் கடிகாரம் மிகவும் பின்தங்கும் 9, 10-ஆம் வகுப்பு மாணவர்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை.