கம்பவுண்டருக்கு மட்டும் புரிந்த கையெழுத்து

எங்கள் அம்மாயிக்கு டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டோடு ஒருநாள் ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 30 கிலோமீட்டர். மருந்துக்கடைக்காரர் சீட்டை நேராகப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், உள்ளே இருந்த பையனிடம் காட்டினார். கடைசியில் என்னிடமே கேட்டார்: "பாட்டிக்கு சுகரா, பிரஷரா தம்பி?"

போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் சீட்டில் எழுதியிருந்த நம்பரும் அதே கையெழுத்து :-)

டாக்டர் கையெழுத்து ஜோக் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு முன்பெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள் என்று யோசித்தேன்.

அப்போது கம்பவுண்டர் இருந்தார். டாக்டர் அறைக்குப் பக்கத்திலேயே அவர் மேஜை. சீட்டு பத்தடி தூரம்தான் நடக்கும். கண்ணாடி பாட்டிலில் மருந்தைக் கலக்கி, எந்த வேளைக்கு எதுவரை குடிக்க வேண்டும் என்று காட்ட, ஓரத்தை வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டித் தருவார். 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபிறகு எஸ்டேட்டுகள் தொழிலாளர்களுக்கு வைத்திய வசதி செய்து தரவேண்டும் என்று ஆனது. அங்கேயும் எழுதுகிறவரும் மருந்து கொடுக்கிறவரும் ஒரே கூரைக்குக் கீழேதான். சீட்டின் தலையில் போடும் அந்த ஆர்-எக்ஸ் குறிக்கு லத்தீனில் "எடுத்துக்கொள்" என்று பொருள். நோயாளிக்குச் சொன்னது இல்லை, மருந்து கலக்குகிறவருக்குச் சொன்னது. சந்தேகம் வந்தால் ஒரு குரல் கொடுத்தால் போதும்.

பிறகு நிலைமை மாறியது. 1948-ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டம் படித்துப் பதிவு செய்த ஃபார்மசிஸ்ட்டைக் கொண்டுவந்தது. கலக்கும் மருந்து போய் கம்பெனி மாத்திரைகள், ஆயிரக்கணக்கான பிராண்டு பெயர்களோடு வந்தன. சீட்டு முன்பின் தெரியாதவருக்கு எழுதும் கடிதமாகிவிட்டது. கையெழுத்து மட்டும் பழைய கம்பவுண்டருக்கு எழுதியதாகவே இருந்தது.

அதன் விலை என்ன என்பதற்கு 1980-களில் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு. நெஞ்சுச் சளிக்கு டாக்டர் அமாக்ஸில் என்று எழுதினார். ஃபார்மசிஸ்ட் அதை டயோனில் என்று படித்தார். டயோனில் சுகர் மாத்திரை, நம் ஊரிலும் பல வீடுகளில் தெரிந்த பெயர். சுகரே இல்லாத அந்த மனிதருக்கு ரத்தச் சர்க்கரை சரிந்து மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. எழுதியிருந்த அளவு டயோனிலுக்குப் பொருந்தவில்லை. அங்கே சுகர்காரர்களுக்கு மருந்து இலவசம், இவரோ காசு கொடுத்து வாங்கினார். அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? நீதிமன்றம் பழியில் 75 சதவீதத்தை ஃபார்மசிஸ்ட் மீதும் 25 சதவீதத்தை டாக்டர் மீதும் போட்டது. எழுதியவருக்குக் கால் பங்குதானா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள்: 1-0-1. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயிக்கும் புரியும். ஆனால் அது எத்தனை வேளை என்றுதான் சொல்லும், எந்த மாத்திரை என்று சொல்லாது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபத்து கொஞ்சம் குறைவு என்று நினைக்கிறேன். 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, குறிப்பிட்ட பட்டியலில் உள்ள மருந்துகளையே வாங்கி, ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொடுக்கிறார்கள். ஊகிக்க வேண்டிய பெயர்கள் குறைவு.

மருந்துப் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தியது. பிறகு நீதிமன்றங்களும் பேசின. 2018-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் மூன்று டாக்டர்களுக்குத் தலா 5,000 ரூபாய் அபராதம் போட்டது. 2024-இல் ஒரிசா உயர்நீதிமன்றம் தெளிவாக எழுதச் சொன்னது. 2025-இல் பஞ்சாப் - ஹரியானா உயர்நீதிமன்றம், படிக்க முடிகிற சீட்டு நோயாளியின் அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டது. கவனித்தால் ஒரு வேடிக்கை. மூன்று வழக்கிலும் பிரச்சினை மருந்துச் சீட்டில் தொடங்கவில்லை. காய அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவச் சான்று என்று நீதிபதிகளுக்கே படிக்க முடியாத காகிதம் மேஜைக்கு வந்தபிறகுதான் கோபம் வந்தது. மருந்துக்கடை வாசலில் நிற்பவர்களுக்கு அந்தக் கோபம் ரொம்ப நாளாக இருக்கிறது.

அன்று அந்தக் கடைக்காரர் எதையும் ஊகித்துக் கொடுக்கவில்லை. "மேலே போய்க் கேட்டுட்டு வாங்க தம்பி" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். எரிச்சலோடு மறுபடி பஸ் ஏறினேன். மறுநாள் டாக்டரிடம் கேட்டபோது தெரிந்தது: சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை, தைராய்டு மாத்திரை.