அந்தமான் காடும் வேர்ப் பூசணமும்

அந்தமான் தீவுகளின் தலைநகரம் போர்ட் பிளேர். 2024-ஆம் ஆண்டில் அது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரின் ஒரு பகுதியே டெலானிபூர். கடல் கடந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களும் வாழும் இடம் அது. அதற்கு அண்மையிலுள்ள சாத்தம் தீவில் 1883-ஆம் ஆண்டில் மரம் அறுக்கும் ஆலை ஒன்று நிறுவப்பட்டது. ஆசியாக் கண்டத்தின் பழமையான ஆலைகளுள் ஒன்று என்ற சிறப்பு அதற்கு உண்டு. 1858-இல் கைதிகளின் குடியிருப்பாகத் தொடங்கிய இந்நகரத்தின் சரித்திரத்தில், அவர்கள் வெட்டிய காட்டுக்கும் ஓர் அத்தியாயம் உரியது. அந்தக் காடு எதனால் வளர்ந்தது, வெட்டியபின் மீண்டும் எவ்வாறு வளரும் என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

சாத்தம் ஆலைக்கு வந்த மரங்களுள் இரண்டு பெரும் புகழ் பெற்றவை. ஒன்று படாக், நம் நாட்டு வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் நெருங்கிய உறவுடையது. மற்றொன்று குர்ஜன்; ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் வாழும் நேயர்கள் நன்கறிந்த சால மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அஸ்ஸாமில் வாழ்வோர் காணும் ஹொல்லாங் மரமும் இக்குடும்பத்ததே.

அந்தமானில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. இவ்வளவு மழை மண்ணின் சத்தை அரித்துக் கொண்டு போகும் அல்லவா? அப்படியிருந்தும் அங்கே வானளாவிய மரங்கள் நிற்பது எங்ஙனம்? விடையின் ஒரு பெரும் பகுதி மண்ணுக்குள் இருக்கிறது.

இவ்விடையை நோக்கிய வழி ஜெர்மனியில், எதிர்பாராத விதமாகத் திறந்தது. பிரஷ்ய அரசு, டிரஃபிள் எனப்படும் விலையுயர்ந்த நிலத்தடிக் காளானைப் பயிர் செய்ய இயலுமா என்று ஆராயுமாறு ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியல் அறிஞரைப் பணித்தது. காளானைத் தேடி மரத்தடி மண்ணைக் கிளறிய அவர், மரங்களின் நுனி வேர்களைப் பூசண இழைகள் உறை போலப் போர்த்தியிருக்கக் கண்டார். வேரும் பூசணமும் இணைந்த இந்த உறுப்புக்கு 1885-இல் அவர் 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். 'பூசண வேர்' என்பது அதன் பொருள். பூசணம் என்றாலே நோய் என்று கருதிய காலம் அது. எனவே, இது நோயன்று, கொடுக்கல் வாங்கல் என்று ஃபிராங்க் கூறியதை அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஆயினும் பிற்கால ஆராய்ச்சி அவர் பக்கமே நின்றது.

அந்தக் கொடுக்கல் வாங்கல் எத்தகையது? மரம் தன் இலைகளில் சூரிய ஒளியால் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூசணத்துக்கு அளிக்கிறது. பூசணமோ, வேர் நுழைய முடியாத நுண்ணிய இடுக்குகளிலெல்லாம் தன் மெல்லிய இழைகளைச் செலுத்தி, பாஸ்பரஸ், நைட்ரஜன் முதலிய சத்துகளையும் நீரையும் திரட்டி வேருக்குக் கொணர்கிறது. இதில் இருவகை உண்டு. குர்ஜன், சாலம் முதலியவற்றின் பூசணம் வேரின் வெளியே உறையாகப் படிந்து, வேரணுக்களின் இடைவெளிகளில் வலைபோல் பின்னி நிற்கும். படாக், தேக்கு முதலியவற்றின் பூசணமோ வேரணுக்களின் உள்ளேயே புகுந்து கிளைவிடும். இரண்டாம் வகை மிகத் தொன்மையானது. ஸ்காட்லாந்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட தாவரப் புதைபடிவங்களிலேயே அதன் சுவடு காணப்படுகிறது.

இந்தத் தோழமை இல்லாவிடில் மரம் என்னாகும்? பைன் மரங்கள் இயற்கையாக வளராத நாடுகள் சிலவற்றில் அவற்றை வளர்க்க முயன்றனர். விதை முளைத்தது, நாற்று மட்டும் மஞ்சள் பூத்துக் குன்றி நின்றது. பழைய பைன் காட்டின் மண்ணைக் கொணர்ந்து இட்டபின் நாற்றுகள் தழைத்தன. 1950-களில் போர்ட்டோ ரிக்கோத் தீவில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. குறையாக இருந்தது எருவன்று. மண்ணில் வாழும் துணையே.

இனி அந்தமானுக்குத் திரும்புவோம். வெட்டிய காட்டை மீண்டும் எழச் செய்வது எப்படி என்பது அங்குள்ள வனத்துறையினருக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. 1930-களில் பி. எஸ். செங்கப்பா என்ற வன அதிகாரி இத்துறையில் உழைத்து ஒரு வழி கண்டார். காட்டை ஒரே வீச்சில் வெட்டித் தள்ளாமல், முதலில் கீழ்நிலைச் செடிகொடிகளையும் சிறு மரங்களையும் அகற்றி வெளிச்சம் புகச் செய்வது. நிழல் தரும் தாய் மரங்களின் கீழ் நாற்றுகள் நிலைபெற்ற பின்னர், மேல் விதானத்தைப் படிப்படியாக நீக்குவது என்பதே அம்முறையின் சாரம். அம்முறை பின்னர் அந்தமான் காடுகளில் நிலைபெற்றது.

வெளிச்சத்தையும் நிழலையும் அளந்து வகுத்த முறை அது. ஆயினும் இன்றைய அறிவைக் கொண்டு நோக்கினால் மற்றொரு நன்மையும் அதில் அடங்கியிருப்பது புலனாகும். குர்ஜன் விதை நெடுநாள் உறங்கிக் கிடக்கும் இயல்புடையதன்று. இரு சிறகுகளுடன் சுழன்று, பெரும்பாலும் தாய் மரத்துக்கு அணித்தாகவே விழுந்து, விரைவில் முளைக்கிறது. தாயின் வேர்களில் வாழும் பூசணம் அங்கே பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே இளவேர் தன் துணையை எளிதில் அடைகிறது. மரங்களை அடியோடு வெட்டி, மேல்மண்ணையும் வழித்தெடுத்துவிட்டால், அந்நிலத்தில் நட்ட கன்று உறவினரில்லாத ஊரில் குடியேறியவனைப் போலாகிறது. பிற மாநிலங்களில் முதன்முதல் கால் வைத்த நாளில் நம்மவர் ஒருவரைத் தேடியலைந்த நமக்கு இது விளங்காமற்போகாது.

எனினும் மிகையாகப் பேசுதல் கூடாது. பூசண இழைகளின் வழியே ஒரு மரம் மற்றொரு மரத்துக்கு உணவூட்டுகிறது, செய்தி அனுப்புகிறது என்ற கூற்று இன்று பரவலாக வழங்குகிறது. கனடாவில் சுசான் சிமர்டு முதலியோர் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மரங்களிடையே கரிப்பொருள் இடம் மாறுவதைக் காட்டியது உண்மையே. ஆனால் அதன்மேல் எழுப்பிய கூற்றுகள் பலவற்றுக்குக் காட்டிலிருந்து போதிய சான்று இல்லை என்று 2023-இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று எச்சரித்தது. பூசணம் வேருக்குச் சத்தூட்டுகிறது என்பதில் மட்டும் ஐயமில்லை.

இவ்வறிவினால் இன்று நமக்கு என்ன பயன்? 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்சநீதிமன்றம் இத்தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் வரம்பு விதித்தது. 2022-இலோ, பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகம், நகரியம் முதலியவற்றை அமைக்க ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்குவதற்குக் கொள்கையளவில் ஒப்புதல் வழங்கப்பட்டது. அதற்கு ஈடாக மரம் நடுவதற்குக் குறிக்கப்பட்ட மாநிலங்களுள் ஒன்று ஹரியானா. ஆயிரம் மைலுக்கு அப்பால், மழை குன்றிய நிலத்தில் நடும் மரங்களும் நன்மை தருவனவே. அவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயின் அவற்றின் மண் வேறு, அம்மண்ணில் வாழும் துணையும் வேறு. மரத்துக்கு மரம் என்று கணக்குத் தீர்க்கலாம். மண்ணுக்கடியில் நெடுங்காலமாகப் பின்னிய உறவை அந்தக் கணக்கில் எழுத இடமில்லை.

சாத்தம் ஆலையின் ஏடுகள் தரைக்கு மேல் நின்ற மரத்தை அளந்தன. தரைக்குக் கீழே உள்ளதையும் சேர்த்தே காடு என்று எண்ணுவதற்கு இன்று நாம் கற்றிருக்கிறோம். காட்டை வெட்டுவதற்கு முன்னரும், வேறிடத்தில் நட்டு ஈடு செய்வதாகச் சொல்வதற்கு முன்னரும் அதை நினைவிற் கொள்வது நம் கடன்.