கூழாங்கல் நுனியில் ஒரு கோட்டை

இங்கிலாந்தின் தென்கரையில், கோடை வந்தால் பாய்மரப் படகுக் குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடையோடு கீஹேவனிலிருந்து ஹர்ஸ்ட் கோட்டைக்குக் கிளம்புவதுண்டு. படகில்லாதவர் கூழாங்கல் திட்டில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்தும் போகலாம். அடிக்கு அடி கால் புதையும்.

மன்னர் எட்டாம் ஹென்றி போப்பைப் பகைத்துக்கொண்டார். அதனால் பிரான்ஸும் ஸ்பெயினும் சேர்ந்து படையெடுக்குமோ என்ற பயத்தில் 1541-44இல் எழுந்தது இந்தக் கோட்டை. எதிரே வைட் தீவு. இடையில் ஒடுங்கிய நீர்வழி. பீரங்கி வைக்க இதைவிடத் தோதான இடம் ஏது?

1648 டிசம்பரில் முதலாம் சார்லஸ் மன்னரை இங்கே அடைத்தார்கள். அடுத்த மாதமே தலை போயிற்று.

கோட்டையோடு விக்டோரியா காலத்தில் சேர்த்த சிறகுகளில் 38 டன் பீரங்கிகள் இன்னும் நிற்கின்றன. குழந்தையின் தலை தாராளமாக நுழையும் வாய்! 2021 பிப்ரவரியில் கிழக்குச் சிறகின் ஒரு பகுதியைக் கடல் அடியறுத்துச் சாய்த்தது.