கேமராவின் கடிகாரம்

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் ராஜீவ் காந்தியோடு, கூட்டத்தைப் படமெடுத்த ஹரிபாபுவும் இறந்தார். அவரது கேமரா தப்பியது. அதன் படச்சுருளிலிருந்த பத்துப் படங்கள்தான் புலனாய்வுக்கு முதல் வழிகாட்டி: மாலையோடு நின்ற கொலையாளி தனுவும் குர்தா அணிந்த கூட்டாளி சிவராசனும் அவற்றில்தான் முகம் காட்டினார்கள். எது முன், எது பின் என்பதைச் சுருளின் வரிசையே சொன்னது.

ஐந்தாண்டு கழித்து, 1996இல், பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. அதே ஆண்டுதான் சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் உலகின் முதல் நெட்வொர்க் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் ஒரகடம் வரை ஆலைகள் நீள, வாயிலுக்கு வாயில் கேமரா முளைத்தது.

இந்தக் கேமராவில் வரிசை காப்பது கடிகாரம். அசைவு தெரிந்தால் எச்சரிக்கை அனுப்பும். படத்தைச் சர்வரில் ஏற்றும். பெரும்பாலும் கோப்பின் பெயரிலேயே நேரம் இருக்கும். பெட்டியைப் பிரித்து மாட்டியவர் நேர மண்டலத்தைக் கிரீன்விச்சிலேயே விட்டுவிட்டால், காலை 6 மணி ஷிஃப்ட் 00:30 என்று பதிவாகும். அதிகாலை 2 மணித் திருட்டு முந்தைய நாள் கணக்கில் போய்விடும். அப்புறம் எந்தக் காவலர் பணியில் இருந்தார் என்று யாரைக் கேட்பது? வீண்பழி ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் தலையில் விழலாம்.

1906இல் இந்தியாவுக்கு ஒரு பொது நேரம் வகுக்கப்பட்டது. நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் கடிகாரங்களைத் தேசிய இயற்பியல் ஆய்வகம் அல்லது தேசிய தகவல் மையத்தின் நேரத்தோடு இணைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. உங்கள் ஆலை வாயிலில் கேமரா இருந்தால், அதன் திரையில் ஓடும் நேரத்தை இன்றே கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பாருங்கள்.