கப்பல் வராத நாளின் கூலி

தேர்ந்த ஊழியர் விலகிப் போகாமல் இருக்க இக்காலத்துப் பெரிய ஸ்தாபனங்கள் பலவகை உபாயங்களை யோசிக்கின்றன. ஆனால் நாளைக்கு வேலை உண்டா என்பது முதலாளிக்கே நிச்சயமில்லாத ஒரு தொழிலில் தொழிலாளியை நிலைநிறுத்துவது எவ்வாறு என்னும் கடினமான பிரச்னைக்கு விடை தேடிய சரித்திரம் சென்னைத் துறைமுகத்துக்கு உண்டு.

கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து போய்ச் சரக்கிறக்கி வந்த படகோட்டிகளே ஆதியில் இக்கரையின் தொழிலாளர். 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த அலைதடுப்புச் சுவர்கள் மீண்டும் எழுப்பப்பட்டு, 1904 முதல் 1919 வரை துறைமுக நிர்வாகத்துக்குத் தலைமை வகித்த ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் அதன் வாயிலை வடகிழக்குக்கு மாற்றிச் சீர்திருத்திய பின்னர், படகோட்டியின் ஸ்தானத்துக்குச் சுமைத் தொழிலாளி வந்தான்.

அவனுடைய ஜீவனம் முழுவதும் மேஸ்திரியின் கையில் இருந்தது. கப்பலுக்குள் சரக்கைக் கையாளும் பொறுப்பை ஏற்ற ஸ்டீவடோர்கள் மேஸ்திரி மூலமாகவே ஆள் சேர்த்தார்கள். வாயிலில் கூடிய கூட்டத்தில் இன்று யாரை அழைப்பது என்பது அவன் சித்தம். கப்பல் தாமதித்தாலும், மழை பெய்து வேலை நின்றாலும், அந்த நஷ்டம் ஒப்பந்தக்காரரைத் தீண்டாமல் கூலிக்காரன் வீட்டு அடுப்பையே அணைத்தது.

இந்தத் தற்செயல் வேலைமுறையை ஒழித்துத் தொழிலாளரைப் பதிவு செய்ய வேண்டும் என்று, இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் 1931-லேயே சிபாரிசு செய்தது. பிரிட்டனில் 1947-ல் அத்தகைய திட்டம் அமலுக்கு வந்தது; மறு ஆண்டே சுதந்திர இந்தியாவும் அதற்கொரு சட்டம் இயற்றிற்று. அதன்படி 1953-ல் அமைந்த சென்னை டாக் லேபர் போர்டில் சர்க்கார், முதலாளிகள், தொழிலாளர் ஆகிய மூன்று தரப்பாரும் சமமாக அமர்ந்தனர். பெயர் பதிந்த தொழிலாளியை முறைவரிசைப்படி வேலைக்கு அனுப்பியது போர்டு. ரிசர்வ் பட்டியலில் இருந்தவனுக்கு மாதத்தில் குறைந்தபட்சம் இத்தனை நாள் கூலி என்று உறுதி தந்தது. ஆஜராகியும் வேலை கிடைக்காத நாளுக்குப் படியும், வந்தபின் வேலை தொடங்காமற் போனால் அதற்கொரு தொகையும் அளித்தது. இந்தச் செலவுக்கெல்லாம் முதலாளிகளிடமே தீர்வை வசூலிக்கப்பட்டபடியால், கடலின் நிச்சயமின்மையைச் சுமக்கும் பாரம் முதன்முறையாக ஏழையின் தோளிலிருந்து தொழிலின் கணக்குப் புத்தகத்துக்கு மாறிற்று.

1983-ல் சென்னையில் கன்டெய்னர் முனையம் வந்தது. நூறு பேர் நாட்கணக்கில் செய்த வேலையைக் கிரேன் சில மணி நேரத்தில் முடிக்கத் தொடங்கியது. பட்டியலில் ஆட்கள் மிகுதி என்று முதலாளிகள் முறையிட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை. போர்டுகளைத் துறைமுகங்களோடு இணைக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. சென்னைப் போர்டும் பின்னர் இணைந்து மறைந்தது. 2001-ல் சென்னைக்கு அருகே எண்ணூரில் திறக்கப்பட்ட துறைமுகமோ கம்பெனியாகவே பிறந்து, மிகச் சில நிரந்தர ஊழியரோடு நடக்கிறது.

போர்டு மறைந்தாலும் அது வகுத்த அளவுகோல் மறையவில்லை. தொழிலாளியைப் போற்றுவதாகச் சொல்லும் எந்த ஸ்தாபனத்திடமும், வேலையில்லாத நாளின் நஷ்டத்தை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டாலே போதும். அது தொழிலாளி தலையில்தான் விழுகிறது என்றால், பெயர் எதுவானாலும் அங்கே நடப்பது பழைய மேஸ்திரி முறைதான்.