கணக்கரைக் கொன்றால் கணக்கு மாறுமா?

ஆள்வோர் தமக்கு இனிக்கும் சொல்லைப் புலவனிடம் கேட்டுப் பெறலாம். மேடையில் முழங்குவோனிடம் கேட்டுப் பெறலாம். கணக்கரிடம் கேட்டால் கிடைப்பது கணக்குத்தான். பிறந்தோர் எத்தனை பேர், மாண்டோர் எத்தனை பேர், எழுத்தறிந்தோர் எத்தனை பேர், வேலையின்றி வாடுவோர் எத்தனை பேர் என்று முகம் பாராமல் எண்ணிச் சொல்வதற்காகவே நாடுகள் புள்ளிவிவர அமைப்புகளை நிறுவியிருக்கின்றன. அந்த அமைப்பு அரசின் பணத்தில் வாழ்கிறது; அரசின் பிழையையும் அதுவே எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது. ஆண்டையின் சோற்றை உண்டுகொண்டே ஆண்டையின் குற்றத்தை எழுதும் வேலை எளிதானதா?

எளிதன்று என்பதற்குச் சோவியத் நாட்டின் 1937ஆம் ஆண்டுக் குடிமதிப்பு சான்று கூறுகிறது. பகுத்தறிவு பேசும் நாம் இதனைத் தனிக் கவனத்தோடு படிக்க வேண்டும். ஏனெனில், அந்தக் குடிமதிப்பில் கடவுள் நம்பிக்கையும் எண்ணப்பட்டது.

புரட்சிக்கு மறு ஆண்டே, 1918இல், சோவியத் அரசு மையப் புள்ளிவிவர அமைப்பை நிறுவியது. 1926ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, மக்கள் தொகை 14 கோடியே 70 இலட்சம் என்று காட்டியது. பின்னர் ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன. எத்தனை வாய்க்குச் சோறு வேண்டும், எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், எத்தனை கைகள் ஆலைக்குக் கிடைக்கும் என்று தெரியாமல் திட்டம் தீட்டுவது எங்ஙனம்? எனவே கணக்கர்களுக்கு வேலை பெருகியது. பிழைத்தால் தப்ப முடியாத நிலையும் உடன் வந்தது.

தந்தை பெரியார் 1932இல் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்து வந்தார். பொதுவுடைமை நாட்டின்பால் நம் இயக்கத்தார் கொண்டிருந்த ஈடுபாடு யாவரும் அறிந்ததே. ஈடுபாடு கொண்டோம் என்பதற்காக வரலாற்றின் ஓர் ஏட்டை மட்டும் ஒட்டி வைத்துவிட்டுப் படிக்கலாமா?

அந்த ஏட்டில் உள்ளது இது. நிலங்கள் கூட்டுப் பண்ணைகளாக வலிந்து மாற்றப்பட்டன; உழவரின் தானியம் பறித்துச் செல்லப்பட்டது. 1932, 1933ஆம் ஆண்டுகளில் உக்ரைனிலும் கசாக்ஸ்தானிலும் வோல்கா ஆற்றுப் பகுதியிலும் பஞ்சம் தாண்டவமாடியது. இலட்சம் இலட்சமாக மக்கள் மடிந்தனர். ஏடுகள் அதைப் பற்றி எழுதவில்லை. மாண்டவர் பலரின் பெயர் இறப்புப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆனால் 1934 சனவரியில் கட்சி மாநாட்டில் பேசிய ஸ்டாலின், 1933 இறுதியில் மக்கள் தொகை 16 கோடியே 80 இலட்சம் என்றார். 1935 டிசம்பரில், ஆண்டுதோறும் 30 இலட்சம் பேர் பெருகுகிறார்கள், ஒரு பின்லாந்து நாடே ஆண்டுதோறும் நம்மோடு சேர்கிறது என்று பெருமிதம் கொண்டார். அவர் சொன்னபடியே கூட்டிப் பார்த்தால் 1937 தொடக்கத்தில் 17 கோடியே 70 இலட்சம் வர வேண்டும். பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கூட்டல்தான்.

1937 சனவரி 6ஆம் நாள் குடிமதிப்பு நடந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் கணக்கெடுப்பாளர்கள் அப்பெரு நாட்டை ஒரே நாளில் எண்ணினர். ஒரே நாள் என்று வகுத்ததற்குக் காரணம் உண்டு: நாள் நீண்டால், ஊர் மாறுவோர் இரண்டு இடத்தில் எண்ணப்படலாம், எங்குமே எண்ணப்படாமலும் போகலாம். வினாப் படிவத்தை ஸ்டாலினே தம் கைப்படத் திருத்தினார். சமயம் பற்றிய வினாவும் அவர் சேர்த்ததே. பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் விடை தர வேண்டும்; பெற்றோரின் மதத்தைச் சொல்லக்கூடாது, இன்று தமக்குள்ள நம்பிக்கையையே சொல்ல வேண்டும் என்று வகுக்கப்பட்டது. கோயில்களை மூடி, பாதிரிகளைச் சிறையிலடைத்து, இருபதாண்டுகள் நாத்திகப் பிரசாரம் செய்த அரசு, வெற்றிச் செய்தியை எதிர்பார்த்திருந்தது.

வந்த செய்தி யாது? விடையளிக்க வேண்டியோர் 9 கோடியே 84 இலட்சம் பேர். அவர்களில் 5 கோடியே 53 இலட்சம் பேர் நம்பிக்கை உடையோர் என்றே எழுதச் சொன்னார்கள். நம்பிக்கையற்றோர் 4 கோடியே 22 இலட்சம் பேர். நம்புகிறேன் என்று சொன்னால் என்ன நேருமோ என்ற அச்சம் நிலவிய நாட்டிலேயே இந்தத் தொகை! மொத்த மக்கள் தொகையோ 16 கோடியே 20 இலட்சம்தான். தலைவர் வாக்குப்படி வந்திருக்க வேண்டிய தொகையில் ஒன்றரைக் கோடி குறைந்தது. வாயடைக்கப்பட்ட பஞ்சம், கழித்தல் கணக்கில் வாய் திறந்தது.

குர்மான் என்ற அலுவலர், துண்டு விழுந்ததன் காரணத்தை அறிக்கையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பதிவாகாத இறப்புகளையும், எல்லை கடந்து வெளியேறியவர்களையும் அதில் குறிப்பிட்டார். அவர் சிறை புகுந்தார். குடிமதிப்புப் பிரிவின் தலைவர் குவித்கின் சுட்டுக் கொல்லப்பட்டார். புள்ளிவிவர அமைப்பின் தலைவர் கிராவாலும் சுட்டுக் கொல்லப்பட்டார். 1937 செப்டம்பரில், குடிமதிப்பு பிழையுடையது என்று அரசே ஆணையிட்டுத் தள்ளியது. முடிவுகள் பூட்டப்பட்டன. 1939 சனவரியில் புதுக் குடிமதிப்பு நடந்தது. அதன் கணக்கு முடியுமுன்பே, மார்ச் மாதத்தில், நாட்டின் தொகை 17 கோடி என்று ஸ்டாலின் கூறிவிட்டார். பின்னர் வெளியான தொகையும் 17 கோடிக்குச் சற்று மேலாகவே அமைந்தது! சமய வினா அம்முறை கேட்கப்படவே இல்லை. அரை நூற்றாண்டு கழித்து ஆவணக் காப்பகங்கள் திறந்த பிறகே 1937ஆம் ஆண்டுக் கணக்கு வெளிச்சம் கண்டது. அக்கணக்கர்களின் வேலை ஏறத்தாழச் சரியே என்று ஆராய்ந்தவர்கள் கண்டனர்.

தோழர்களே, இதில் நமக்குரிய பாடம் என்ன? ஐந்தரைக் கோடிப் பேர் நம்பினார்கள் என்பதால் கடவுள் உண்டு என்று ஆகிவிடாது. உண்மை வாக்கெடுப்பால் பிறப்பதன்று. ஆனால் ஐந்தரைக் கோடிப் பேர் நம்பினார்கள் என்பது உண்மை. அந்த உண்மையை மறைத்தவன் நாத்திகனாயினும் பகுத்தறிவாளன் ஆகமாட்டான். பூட்டுப் போட்டு மூடிய கோயில் மனத்துக்குள் திறந்தே கிடந்தது என்று அந்தக் கணக்கு சொல்லிற்று. அதைக் கேட்டு வழியை மாற்றியிருக்க வேண்டியவர்கள், சொன்னவனின் வாயை மூடினார்கள். வேதம் சொன்னால் கேள்வி கேட்காதே என்பதற்கும், தலைவர் சொன்னால் கூட்டிப் பார்க்காதே என்பதற்கும் வேறுபாடு உண்டா?

நம் நாட்டுக்கு வருவோம். சாதிவாரியாக முழுக் கணக்கு கடைசியாக வெளிவந்தது 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பில். மண்டல் குழு 1980இல் அறிக்கை தந்தபோதும் அந்தப் பழைய ஏட்டையே புரட்ட வேண்டியிருந்தது. 2011இல் தொடங்கிய கணக்கெடுப்பில் திரட்டிய சாதித் தொகைகள் வெளியிடப்படவில்லை. 2017-18ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு ஆய்வு வெளிவரத் தாமதமானபோது, 2019 சனவரியில் தேசியப் புள்ளிவிவர ஆணையத்தின் உறுப்பினர் இருவர் பதவி துறந்தனர். தேர்தல் முடிந்த பிறகு, மே மாத இறுதியில், அது வெளிவந்தது. வேலையின்மை நூற்றுக்கு 6.1 என்றது. அதே ஆண்டுகளின் நுகர்வுச் செலவு ஆய்வு, தரம் போதாது என்று கூறி நிறுத்தப்பட்டது. அங்கே சிந்திய குருதியையும் இங்கே நேர்ந்த தாமதத்தையும் ஒரே தட்டில் வைக்கமாட்டோம். எனினும் கசக்கும் எண்ணைக் கண்டால் ஒளித்து வைக்கும் ஆசை எல்லா ஆட்சிக்கும் உண்டு என்பதை மறக்கவும் மாட்டோம்.

அதனால்தான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014இல் அரசுப் புள்ளிவிவரங்களுக்கான அடிப்படை நெறிகளை ஏற்றது. எதை, எப்படி எண்ணுவது என்பதை அறிவியல் முறையால் கணக்கர் முடிவு செய்ய வேண்டும்; தனி மனிதரின் விவரம் காக்கப்பட வேண்டும்; முடிவு அனைவருக்கும் பாகுபாடின்றிக் கிடைக்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

2027 மார்ச் முதல் நாளைக் கணக்கு நாளாகக் கொண்ட குடிமதிப்பில் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு 2025இல் அறிவித்தது. எண்ணச் சொல்லி நெடுநாள் கேட்டவர்கள் நாம். எண்ணியதை முழுமையாக வெளியிடச் சொல்வதும் நம் கடன். அந்த எண் நாம் மேடையில் சொல்லிவந்ததற்கு மாறாக இருந்தால்? மேடைப் பேச்சைத் திருத்திக்கொள்வோம். எண்ணைத் திருத்தச் சொல்ல மாட்டோம். அந்தத் துணிவு இல்லாதவனுக்குக் கருப்புச் சட்டை எதற்கு?